பக் நாயின் மூக்கு எங்கே போனது?

[காட்சி: ஏற்காடு கோடை விழா, நாய்கள் கண்காட்சி]

வணக்கம் மக்களே. ஏற்காடு கோடை விழாவில் நாய்கள் கண்காட்சி பார்த்திருப்பீர்கள். ராஜபாளையம், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு என்று எத்தனை நின்றாலும், சின்னப் பிள்ளைகள் நேராகப் போய் நிற்பது பக் நாயிடம்தான். சப்பை மூக்கு, சுருங்கிய நெற்றி, உருண்டைக் கண். ஆனால் அதன் முகம் ஆதியிலிருந்தே இப்படி இல்லை.

[திரையில் பழைய ஓவியம்]

1745இல் வில்லியம் ஹோகார்த் என்ற ஆங்கில ஓவியர் தன்னோடு தன் நாயையும் சேர்த்து வரைந்த படம் இது. இதுவும் பக் தான். மூக்கைப் பாருங்கள், எவ்வளவு நன்றாக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது!

அப்புறம் என்ன ஆனது? 1859இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் நாய்க் கண்காட்சி நடந்தது, 1873இல் லண்டனில் கென்னல் கிளப் என்ற நாய் வளர்ப்போர் சங்கம் வந்தது, அதுவரை வேட்டைக்கும் காவலுக்கும் ஆடு மேய்க்கவும் பார்த்து வளர்த்த நாய்களுக்கு இனி தோற்றத்தைப் பார்த்துப் பரிசு என்றாகிவிட்டது. மூக்கு குட்டையாக இருந்தால் அழகு என்றார்கள். சரி, எது எல்லாவற்றையும்விடக் குட்டையோ அதற்குப் பரிசு, பரிசு வாங்கியதையே இணை சேர்ப்பது, அதன் குட்டிகளில் இன்னும் குட்டையானதைத் தேடுவது. நம் விவசாயி விதைக்குப் பெரிய காயாகப் பார்த்து ஒதுக்கி வைப்பாரே, அதே வேலைதான்.

புல்டாக்கும் இப்படித்தான். மாட்டின் மேல் ஏவிவிட வளர்த்த நாய் அது. 1835இல் அந்த விளையாட்டை பிரிட்டனில் தடை செய்தார்கள். அன்றைக்குக் கால் உயரமாக, சுறுசுறுப்பாக இருந்தது. இன்றைக்குத் தலை பெருத்து, இடுப்பு குறுகி, பெரும்பாலும் சிசேரியன் செய்துதான் குட்டியை எடுக்கிறார்கள். எனக்கு இது மனசு ஆறவே இல்லை.

[வரைபடம்: நாயின் தலை, குறுக்குவெட்டு]

இங்கே கவனியுங்கள். மூக்கெலும்பு குட்டையானது, ஆனால் உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. மெல்லண்ணம், அதாவது வாயின் மேல்பக்கத்தில் பின்னால் இருக்கும் மெத்தென்ற சதை, நீண்டு போய் மூச்சு போகிற வழியில் தொங்குகிறது, மூக்குத் துளை வெறும் கீறலாகிவிட்டது. "எங்க பக் எவ்வளவு அழகா கொறட்டை விடுது பாருங்க" என்று வீடியோ எடுத்துப் போடுகிறோமே, அது மூச்சுக்குத் திணறுகிற சத்தம்.

நமக்கு மாதிரி நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு வேகமாக மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். அந்த வழியே அடைபட்டிருந்தால்? ஏற்காட்டுக் குளிரில் சமாளித்துக்கொண்ட நாய், மலையிறங்கி சேலம் அஸ்தம்பட்டியில் மே மாத மத்தியானத்தில் என்ன பாடுபடும்! எங்கள் தெருவில் ஒரு பக், பத்து நிமிடம் வெயிலில் நடந்ததற்கே நாக்கு நீலம் பாரித்து விழுந்தது. தண்ணீர் ஊற்றி, விசிறி, ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டது.

ஏற்கெனவே பக் வைத்திருப்பவர்கள் வெயில் ஏறுமுன் நடக்க விடுங்கள், எடை கூட விடாதீர்கள். புதிதாக வாங்கப் போகிறவர்கள், குட்டியின் தாயைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அந்தத் தாயைக் கொஞ்ச நேரம் ஓடி விளையாட விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கேளுங்கள். கொர் கொர் என்றால் அந்தக் குட்டி வேண்டாம்.