கீழ இருந்துதான் குளிரும்

வணக்கம். மலையேற்றம் பத்தி பொதுவா பேசுங்கன்னுதான் ரேடியோ நிலையத்துல கேட்டாங்க, நான்தான் இல்லைங்க, ராத்திரி டென்ட்ல எது மேல படுக்குறதுன்னு மட்டும் பேசிக்கிறேன்னு அடம் பிடிச்சு வாங்கிட்டேன். ஷூ பத்தி பேச ஆயிரம் பேர் இருக்காங்க, பை பத்தி பேச ஆயிரம் பேர் இருக்காங்க, இந்த காத்து ஊதி படுக்குற மெத்தை, ஸ்லீப்பிங் பேட், மேட்னு எல்லாம் சொல்றோமே, அதை மட்டும் எல்லாரும் கடைசி நாள்ல கண்ணுல பட்டதை வாங்கிட்டு கெளம்பிடுறாங்க.

மார்கழி மாசம் சிமெண்ட் தரையில வெறும் பாய் விரிச்சு படுத்திருக்கீங்களா? மேல ரெண்டு போர்வை போத்தியிருப்போம், ஆனாலும் விடியக்காலம் மூணு மணிக்கு முதுகு சில்லுன்னு ஆயி முழிப்பு வந்துரும். எங்க அப்பத்தா கத்தும், "மேல போத்துறதுல ஒண்ண எடுத்து கீழ விரிடா, குளிரு தரையிலேர்ந்துல்ல ஏறுது"ன்னு. பவானி ஜமுக்காளம் ஒண்ணை ரெண்டா மடிச்சு பாய் மேல போட்டா அப்புறம் காலையில அடிச்சுதான் எழுப்பணும். நான் இன்னைக்கு பேசப்போறது எல்லாமே இந்த ஜமுக்காளக் கதைதான், கொஞ்சம் காசு ஜாஸ்தி ஆகுற ஜமுக்காளம், அவ்ளோதான்.

அப்பத்தா சொன்னதை நான் மறந்தது உத்தராகண்ட்ல. கேதார்காந்தான்னு ஒரு சிகரம், 12,500 அடி, சாங்க்ரின்னு ஒரு கிராமத்துல இருந்து ஏறணும், டிசம்பர்ல போனா பனிதான். முதல் ராத்திரி ஜூடா கா தாலாப்னு ஒரு ஏரிக்கரை, 9,000 அடிக்கு மேல, ஏரியே ஒறைஞ்சு கெடந்துச்சு. நான் எடையைக் குறைக்கிற பைத்தியம் புடிச்சிருந்த காலம் அது, டூத் பிரஷ் காம்பை ஒடைச்சுட்டு போன ஆளு. ஆன்லைன்ல ஒரு ஏர் மேட் வாங்கியிருந்தேன், ரொம்ப லேசு, மடிச்சா தண்ணி பாட்டில் அளவுதான், ஊதினா ரெண்டரை இன்ச்சு உயரம், படுத்தா மெத்து மெத்துன்னு இருக்கு. கூட வந்தவங்ககிட்ட எல்லாம் தூக்கிக் காமிச்சு பெருமை அடிச்சேன். ஸ்லீப்பிங் பேக்கும், அதான் உள்ள நுழைஞ்சு தூங்குற பை, மைனஸ் பத்து தாங்கும்னு போட்டிருந்த நல்ல பேக்.

ராத்திரி பதினோரு மணிக்கு முழிப்பு வந்துருச்சுங்க. நெஞ்சு சூடா இருக்கு, முதுகு ஐஸ்ல வெச்ச மாதிரி இருக்கு. பொரண்டு படுத்தா முதுகு சரியாகுது, வயிறு ஒறையுது. சப்பாத்தி மாதிரி ராத்திரி முழுக்க திருப்பித் திருப்பி போட்டுக்கிட்டு இருந்தேன். இன்னொரு ஜாக்கெட் போட்டேன், பிரயோஜனம் இல்ல. ஒரு மணிக்கு மேல முடியாம வெளிய வந்தா சமையல் டென்ட்ல கோவேறு கழுதை ஓட்டிட்டு வந்த பெரியவர் ஒருத்தர் படுத்திருக்காரு, ஸ்லீப்பிங் பேக் கிடையாது, ஒரு பழைய ரஜாய், பஞ்சு வெச்ச போர்வை, ஆனா கீழ பாத்தா நாலு கோணி, அதுக்கு மேல கழுதை முதுகுல போடுற தடிச்ச கம்பளி. நான் பல்லு தந்தியடிக்க நிக்குறதைப் பாத்துட்டு எந்திரிச்சு வந்து என் டென்ட்டுக்குள்ள கைய விட்டு அந்த மேட்டை அமுக்கிப் பாத்தாரு, சிரிச்சாரு. "டண்ட் நீச்சே சே ஆத்தி ஹை, சாப்"னாரு. குளிரு கீழேர்ந்துதான் வரும்னு. எங்க அப்பத்தாவுக்கு இந்தி தெரியாது, அவருக்கு தமிழ் தெரியாது, ரெண்டு பேரும் ஒரே வசனம்! அவரோட ரெண்டு கோணியும் ஒரு நைஞ்ச ஃபோம் மேட்டும் குடுத்தாரு. அதைக் கீழ போட்டு என் மேட்டை மேல போட்டு படுத்தேன், காலையில டீ குடுக்க வந்து எழுப்பினாங்க.

ஏன் இப்படின்னா, ஸ்லீப்பிங் பேக் நல்லா உப்பிக்கிட்டு இருந்தாதான் சூட்டைப் புடிச்சு வெக்கும். நாம படுத்ததும் அடியில இருக்குற பஞ்சு நம்ம எடையில நசுங்கி சப்பையாயிடுது, அதனால நூறு டாலர் பேக்கா இருந்தாலும் ஐநூறு டாலர் பேக்கா இருந்தாலும் முதுகுக்குக் கீழ அது வெறும் துணிதான். அப்போ தரைக்கும் நமக்கும் நடுவுல இருக்குறது இந்த மேட் மட்டும்தான். என் மேட்ல இருந்தது வெறும் காத்து. காத்து நல்லதுதானேன்னு கேப்பீங்க, அசையாம இருந்தா நல்லதுதான், ஆனா நாம பொரளப் பொரள உள்ள இருக்குற காத்து கலங்கி, அடியில இருக்குற குளிரை மேல கொண்டாந்துருது, டீ ஆத்துற மாதிரி. நல்ல மேட்டுன்னா உள்ள மெல்லிசா ஏதாவது நார் இருக்கும், இல்லன்னா பளபளன்னு சூட்டைத் திருப்பி அனுப்புற ஷீட் இருக்கும். அந்த ஷீட் வெச்சது பொரளும்போது சிப்ஸ் பாக்கெட் மாதிரி சத்தம் போடும், பக்கத்துல படுக்குறவர் திட்டுவார், தயாரா இருந்துக்கங்க.

இதை எப்படித் தெரிஞ்சுக்குறதுன்னா, பாக்கெட் மேல ஆர் வேல்யூன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க. மேல சூடான தட்டு, கீழ குளுந்த தட்டு, நடுவுல மேட்டை வெச்சு, மேல இருக்குற தட்டு சூடு குறையாம இருக்க எவ்ளோ கரண்ட் இழுக்குதுன்னு அளக்குறாங்க. கரண்ட் கம்மியா இழுத்தா நம்பர் ஜாஸ்தி, நம்பர் ஜாஸ்தின்னா குளிர் கம்மி. 2018-க்கு முன்னாடி ஒவ்வொரு கம்பெனியும் அவங்கவங்க இஷ்டத்துக்கு அளந்துட்டு இருந்தாங்க, அந்த வருஷம்தான் அமெரிக்காவுல ஏஎஸ்டிஎம்னு தரம் வகுக்குற அமைப்பு எல்லாருக்கும் ஒரே முறைன்னு கொண்டு வந்துச்சு. என் கணக்கு சொல்றேன், நம்ம கொடைக்கானல், மூணாறு பக்கம்னா ரெண்டு போதும், இமயமலையில பனி இல்லாத மாசம்னா நாலு, பனி மேல படுக்கணும்னா அஞ்சரைக்கு மேல. என் மேட்ல நம்பரே போடலைங்க. நம்பர் போடலன்னா வாங்காதீங்க, அவ்ளோதான். இன்னொரு நல்ல விஷயம், இந்த நம்பரைக் கூட்டிக்கலாம். மடிக்கிற ஃபோம் மேட்டோட நம்பர் ரெண்டு, அது மேல நாலரை உள்ள ஏர் மேட், மொத்தம் ஆறரை. கழுதைக்காரர் எனக்குப் பண்ணிக் குடுத்தது அந்தக் கூட்டல்தான். ஃபோம் கீழ இருந்தா முள்ளு குத்தாதுங்கறது தனி லாபம்.

இந்த காத்தும் ஃபோமும் சேந்த மெத்தை வந்த கதையும் கொஞ்சம் சொல்லிடுறேன். அமெரிக்காவுல சியாட்டில்ல 1971-ல போயிங்ல வேலை போன ரெண்டு இன்ஜினியர்கள், ஜிம் லீ, நீல் ஆண்டர்சன். தோட்ட வேலைக்கு முட்டி போடுற ஃபோம் திண்டை அமுக்கும்போது காத்து வெளிய போறதைப் பாத்து, அதை காத்து போகாத உறைக்குள்ள வெச்சா என்னன்னு தோணிருக்கு. அப்படி வந்ததுதான் தெர்மரெஸ்ட். இப்ப அவங்களோட எக்ஸ்லைட்ங்கற மேட் 370 கிராம்தான், ஆர் வேல்யூ நாலரை. அதனால லேசா இருந்தா குளிரும்னு நான் சொல்லல, எடையை மட்டும் பாத்து வாங்காதீங்கன்னுதான் சொல்றேன். விலை? நம்ம ஊருக்கு வந்து சேர்றதுக்குள்ள ஒரு நல்ல நிஜ மெத்தையே வாங்கிடலாம். வருஷத்துக்கு ஒரு தடவை போறவங்க வாடகைக்கு எடுங்க, தப்பே இல்ல.

அடுத்து நீளம் அகலம் பத்தி நெறைய வெச்சிருந்தேன்... கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ரெண்டு விரல் காட்டுறாங்க. சரி, வேகமா சொல்றேன். ஒருக்களிச்சு படுக்குறவங்க மூணு இன்ச்சு உயரம் எடுங்க, இல்லன்னா இடுப்பெலும்பு தரையைத் தொடும். கடையிலயே ஊதி படுத்துப் பாருங்க, வெக்கப்படாதீங்க. அஞ்சரை அடி ஆளுக்கு 66 இன்ச் நீளம் போதும், அதுலயே எடை கொறையும். வாயால ஊதாதீங்க, மேல போனா தலை சுத்தும், மூச்சுல இருக்குற ஈரமும் உள்ள போயி பூஞ்சை புடிக்கும், ஊதுறதுக்குன்னு பை இருக்கு. ராத்திரி கொஞ்சம் தொளதொளன்னு ஆனா பஞ்சர்னு பதறாதீங்க, குளிர்ல காத்து சுருங்கும், படுக்குறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை ஊதிக்கங்க.

நெஜமாவே பஞ்சர் ஆச்சுன்னா... ஒரு விரல் காட்டுறாங்க. சைக்கிள் ட்யூப் மாதிரிதான், சோப்பு தண்ணி தடவி குமிழி வர்ற எடத்தைப் பாத்து, நல்லா காய வெச்சு பேட்ச் ஒட்டுங்க. அந்த பேட்ச்சை மேட் பையிலயே போட்டு வைங்க, வீட்டு டிராயர்ல வெச்சுட்டுப் போகாதீங்க, என்னோடது இப்பவும் அங்கதான் இருக்கு. நன்றி, வணக்கம்.