சின்ன டீசல் மோட்டார்ஹோம்: மைலேஜ் கணக்கும் இழுவைக் கணக்கும்

வணக்கம் மக்களே. அமெரிக்காவுல ஆர்.வி., அதாவது உள்ளயே தங்குற வசதி உள்ள வண்டி, வாங்க நினைக்கிற நம்மாளுங்க நிறைய பேர் மனசுல இருக்கிற கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கலாம். "பெரிய வண்டி வேண்டாம், 25 அடி போதும், டீசலா இருக்கணும், மைலேஜ் வரணும், பின்னாடி காரையும் கட்டி இழுக்கணும். மெர்சிடிஸ் ஸ்ப்ரின்ட்டர் வேன் மேல கட்டினதை வாங்கலாமா?" வாங்கலாம். ஆனா மைலேஜுக்காக வாங்காதீங்க. எடைக் கணக்கு ஒத்து வந்தா மட்டும் வாங்குங்க.

மைலேஜை முதல்ல முடிச்சிடுவோம். மெர்சிடிஸ் ஸ்ப்ரின்ட்டர் 3500 மேல கட்டின கிளாஸ் சி, அதாவது வேன் முன்பக்கத்துக்குப் பின்னாடி வீட்டுப் பெட்டி கட்டின வின்னபேகோ வியூ மாதிரி வண்டி, கேலனுக்கு 14-ல இருந்து 16 மைல் கொடுக்கும். ஃபோர்டு இ-450 மேல கட்டின பெட்ரோல் வண்டி 8-ல இருந்து 10 மைல். வருஷத்துக்கு 10,000 மைல் ஓட்டினா, 15 மைலேஜ்ல 667 கேலன் டீசல், 9 மைலேஜ்ல 1,111 கேலன் பெட்ரோல். டீசல் 3.90 டாலர், பெட்ரோல் 3.25 டாலர்னு வெச்சுக்குங்க. 2,600 டாலர் ஒரு பக்கம், 3,610 டாலர் ஒரு பக்கம். மிச்சம் ஆயிரம் டாலர்தான். 5,000 மைல்தான் ஓட்டுவீங்கன்னா 500. கார் இழுத்தா அந்த 15-ம் 12, 13-க்கு இறங்கிடும். ரெண்டு வண்டிக்கும் விலை வித்தியாசம் 20,000 டாலர்னா அந்தப் பணம் திரும்பி வர எத்தனை வருஷம் ஆகும்னு நீங்களே போட்டுப் பாருங்க. சின்ன டீசலோட உண்மையான லாபம் வேற: குறுகலான உடம்பு, கார் மாதிரி ஸ்டீயரிங், மேட்டுல திணறாத இழுவை.

இப்ப எடைக்கு வரேன். இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க.

வியூ வண்டியோட 3 லிட்டர் வி6 மாடல் காகிதத்தைப் பாருங்க. வண்டி தன்னோட சாமான், ஆளுங்க எல்லாத்தோடயும் இருக்கக்கூடிய உச்ச எடை, அதாவது ஜிவிடபிள்யூஆர், 11,030 பவுண்டு. வண்டியும் இழுக்கிறதும் சேர்ந்து இருக்கக்கூடிய உச்ச எடை, ஜிசிடபிள்யூஆர், 15,250 பவுண்டு. பின்னாடி இழுக்கிறதை மாட்டுற இரும்பு, அதாவது ஹிட்ச்சுல "5,000 பவுண்டு"ன்னு எழுதியிருக்கும். 15,250-ல 11,030-ஐக் கழிச்சா 4,220. வண்டி முழுசா ஏத்தியிருந்தா நீங்க இழுக்கக்கூடியது 4,220-தான், 5,000 இல்ல. ஹிட்ச் மேல இருக்கிற எண் அந்த இரும்பு எவ்வளவு தாங்கும்னு மட்டும்தான் சொல்லுது.

நாலு கதவு ஜீப் ரேங்ளர் பல மாடல் அந்த 4,220-ஐ ஒட்டியோ தாண்டியோ நிக்கும். ஹோண்டா சிஆர்-வி 2014 வரைக்கும் 3,500 பவுண்டுக்குப் பக்கம், நாலு சக்கரமும் தரையில உருள இழுக்கலாம். 2015-ல இருந்து சிவிடிங்கிற வேற வகை கியர், அதை அப்படி இழுத்தா கியர்பாக்ஸ் போயிடும். எந்தக் காரா இருந்தாலும் அந்த வருஷத்து ஓனர் மேனுவல்ல அனுமதி இருக்கான்னு பாருங்க, விக்கிறவர் வாயை நம்பாதீங்க.

டிரெய்லர் இழுக்கப் போறீங்கன்னா கணக்கு இன்னும் இறுகும். உள்ள ஒட்டியிருக்கிற லேபிளைப் படிங்க: ஆளுங்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல போகக் கூடாதுன்னு இருக்கும். டிரெய்லர் முன்பக்கம் ஹிட்ச் மேல அழுத்துற எடையும் சாமான் கணக்குலதான் சேரும்னு அதுலயே எழுதியிருக்கும். லேபிள்ல 1,200 பவுண்டுன்னு வெச்சுக்குங்க. நாலு பேர் 600. கேலனுக்கு 8.3 பவுண்டுன்னு 30 கேலன் தண்ணி 250. மிச்சம் 350. இன்னும் பாத்திரம், துணி, சைக்கிள் எதுவும் ஏத்தல. 4,000 பவுண்டு டிரெய்லர் 10 சதவீதம் அழுத்தினாலே 400. முடிஞ்சு போச்சு.

அதோட அந்த 400, பின் அச்சுல 400-ஆ உக்காராது. ஹிட்ச் அச்சுக்குப் பின்னாடி தள்ளி இருக்குறதால சீசா பலகை மாதிரி முன்பக்கத்தைத் தூக்கும். சக்கர இடைவெளி 170 அங்குலம், ஹிட்ச் அச்சுக்குப் பின்னாடி 90 அங்குலம்னா, பின் அச்சு மேல 610 பவுண்டு ஏறும், முன்னாடி 210 குறையும். முன் சக்கரம் லேசாச்சுன்னா காத்து அடிக்கும்போது ஸ்டீயரிங் மிதக்கும். அதனால சின்ன டீசலுக்கு டிரெய்லரை விட, ஹிட்ச்சை அழுத்தாம உருளுற காரே நல்லதுன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

இதெல்லாம் காகிதக் கணக்கு. டீசல், தண்ணி, குடும்பம், சாமான் எல்லாம் ஏத்திட்டு டிரக் ஸ்டாப்ல இருக்கிற கேட் (CAT) ஸ்கேல்ங்கிற எடை மேடையில நிறுத்துங்க. முன் அச்சு, பின் அச்சு, இழுக்கிற கார் மூணும் தனித்தனியா சீட்டுல வரும்.

பிரேக்கைப் பத்தி விளையாடாதீங்க. மோட்டார்ஹோம் பிரேக் அதோட சொந்த எடைக்குத்தான் போட்டிருக்கு. பின்னாடி வர காருக்குத் தனி பிரேக் கருவி வேணும்: பெடலை அழுத்துற பெட்டி, இல்லன்னா காருக்குள்ளயே நிரந்தரமா பொருத்துறது. ஏர் பிரேக்கை நம்பி வேலை செய்யுற கருவியை வாங்கிடாதீங்க, ஸ்ப்ரின்ட்டர்ல ஏர் பிரேக் கிடையாது. கார் அறுந்துட்டா தானா பிரேக் பிடிக்கிற பிரேக்அவே சுவிட்ச் கட்டாயம். கொலராடோவுல ஐ-70 ஐசன்ஹோவர் சுரங்கப் பாதை 11,000 அடிக்கு மேல இருக்கு. அங்கருந்து இறங்கும்போது பெடலையே மிதிச்சுக்கிட்டு வந்தா பிரேக் சூடேறிப் பிடிக்காமப் போகும். இறக்கம் தொடங்குறதுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சுடுங்க. இந்தச் சின்ன டீசல்ல, பெரிய கம்மின்ஸ் எஞ்சின்ல இருக்கிற மாதிரி எக்ஸாஸ்ட் பிரேக் (புகை போற வழியை அடைச்சு வேகத்தைக் குறைக்கிறது) உதவி கிடையாது.

காரை ஹிட்ச்சோட இணைக்கிற கம்பி, அதாவது டோ பார், தரைக்கு இணையா, மேல கீழ 3 அங்குலத்துக்குள்ள இருக்கணும். இல்லன்னா உயரத்தைச் சரி பண்ற டிராப் ரிசீவர் போடுங்க. அஞ்சாறு மணி நேரம் இழுத்தா காரோட பேட்டரி இறங்கிடும். மோட்டார்ஹோமோட 7 பின் பிளக்ல இருந்து 15 ஆம்ப் ஃப்யூஸ் வெச்சு ஒரு சார்ஜ் வயர் இழுத்துட்டா அந்தத் தொல்லை இல்ல. கார் மாட்டியிருக்கும்போது ரிவர்ஸ் எடுக்கவே கூடாது, டோ பார் வளைஞ்சிடும். அதனால டீசல் போடுற இடத்தையும் பார்த்து நுழையணும். டிரக் லேன் அகலமா இருக்குன்னு போனா அங்க இருக்கிற பெரிய நாசில் ஸ்ப்ரின்ட்டர் வாயில நுழையாது. மினசோட்டாவுல கோடைக்காலத்து டீசல் பி20, அதாவது 20 சதவீதம் பயோடீசல் கலந்தது, மெர்சிடிஸ் ஏத்துக்கிறது பி5 வரைக்கும். பம்ப்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் படிச்சிட்டுப் போடுங்க.

5,000 பவுண்டுக்கு மேல இழுக்கணும்னா ஸ்ப்ரின்ட்டரை விட்டுடுங்க. ஃபோர்டு இ-450-ல ஜிசிடபிள்யூஆர் 22,000, ஜிவிடபிள்யூஆர் 14,500. முழுசா ஏத்தியும் 7,500 மிச்சம் நிக்கும். டீசல்தான் வேணும்னா எஃப்-550 மேல கட்டினதைப் பாருங்க. மைலேஜ் ஆசையை அங்க மறந்துடணும்.

பழைய ஸ்ப்ரின்ட்டர் வாங்குறவங்களுக்கு: வி6 எஞ்சின்ல ஆயில் கூலர் சீல் எஞ்சினோட நடுப் பள்ளத்துல கசியும். ஆயில் பின்பக்கமா இறங்கி கியர்பாக்ஸ் சேர்ற இடத்துல சொட்டும், அங்க டார்ச் அடிச்சுப் பாருங்க. சீல் விலை கம்மி, ஆனா டர்போ வரைக்கும் கழட்டணும், கூலிதான் கொல்லும். ஏசிக்காக மணிக்கணக்கா ஐடிலிங்ல விட்ட வண்டின்னா புகைக் கரியை வடிகட்டுற டிபிஎஃப் அடைச்சிருக்கும். புகையைச் சுத்தம் பண்ண ஊத்துற திரவம், அதாவது டிஇஎஃப், அதுல கோளாறு வந்தா இன்னும் இத்தனை தடவைதான் ஸ்டார்ட் ஆகும்னு டாஷ்போர்டு எண்ண ஆரம்பிச்சிடும். 2010-ல இருந்து 2016 வரைக்கும் உள்ள மாடல்னா, மெர்சிடிஸ் அமெரிக்க அரசோட போட்ட 2020 ஒப்பந்தப்படி எமிஷன் (புகை) மாற்றம் செஞ்சாச்சான்னு வண்டியோட அடையாள எண்ணான விஐஎன்னைக் கொடுத்து டீலர்கிட்ட கேளுங்க. செஞ்சிருந்தா எமிஷன் பாகங்களுக்கு நீட்டிச்ச வாரன்டி இன்னும் எவ்வளவு மிச்சம்னும் அதே போன்ல கேட்டு வெச்சுக்குங்க.