ஐந்து மணிக் கூத்து

வணக்கம் நேயர்களே. போர்ச் செய்தி கேட்கும்போது உங்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். இன்று எதிரிகள் இத்தனை பேர் பலி, நேற்று இத்தனை, போன வாரம் இத்தனை. கூட்டிப் பார்த்தால் எதிரியிடம் ஆளே மிஞ்சியிருக்கக் கூடாது. சண்டை என்னவோ நடந்துகொண்டேதான் இருக்கும். இந்தக் கணக்கு எங்கே உதைக்கிறது என்று தேடுவதுதான் பல வருஷமாக எனக்குப் பைத்தியம்.

வியட்நாம் போரை எடுத்துக்கொள்வோம். 1960களில் அங்கே அமெரிக்காவோடு மோதியவர்களில் முக்கியமானவர்கள் வியட்காங் என்ற கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள். தென்வியட்நாம் தலைநகர் சைகோனில் அமெரிக்க ராணுவம் தினமும் மாலையில் நிருபர்களைக் கூட்டி நிலவரம் சொல்லும். நிருபர்கள் அதை 'ஐந்து மணிக் கூத்து' என்று கேலி பேசுவார்கள். கொரில்லாச் சண்டையில் எல்லைக்கோடு ஏது? அதனால் வெற்றியைக் காட்டப் பிணங்களை எண்ணினார்கள். எண்ணிக்கை கூடினால் களத்து அதிகாரிக்கு நல்ல பேர், பதவி உயர்வு. அப்புறம் குறையுமா? வயலில் செத்துக்கிடந்த விவசாயியும் பட்டியலில் எதிரியாகிவிடுவார்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த கதை, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1967ல் எதிரியின் மொத்தப் பலம் பற்றி அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வுக்கும் சைகோனில் இருந்த அமெரிக்க ராணுவத் தலைமையகத்துக்கும் தகராறு. கைப்பற்றிய ஆவணங்களைப் படித்த சாம் ஆடம்ஸ் என்ற சி.ஐ.ஏ. ஆய்வாளர், ஆறு லட்சம் வரை இருக்கலாம் என்றார். தலைமையகமோ மூன்று லட்சத்தைத் தாண்ட மாட்டேன் என்று பிடிவாதம். திடீரென்று இரண்டு மடங்கு என்றால், 'இத்தனை நாள் என்ன கிழித்தீர்கள்' என்று பத்திரிகைக்காரர்கள் கேட்பார்களே! கடைசியில், கிராமத் தற்காப்புப் படையினரைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டார்கள். கண்ணிவெடி புதைத்ததும் குழியில் மூங்கில் முள் நட்டதும் அந்த மாதிரி ஆட்கள்தான். கவனியுங்கள்: உயிரோடு இருக்கும்வரை அவர் கணக்கில் இல்லை. செத்தால் மட்டும் எதிரி பலி ஒன்று! மறுபடி சொல்கிறேன், பலத்தில் சேராதவர் பலியில் சேருகிறார். பிறகு எதிரி தேய்ந்துகொண்டு வருகிறான் என்று காட்டுவதற்கு என்ன கஷ்டம்?

அந்த நவம்பர் 21ல் வியட்நாமில் அமெரிக்கப் படைகளின் தளபதியான வெஸ்ட்மோர்லாண்ட் வாஷிங்டனில், முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்றார். பத்து வாரம்தான். 1968 ஜனவரிக் கடைசியில், டெட் என்ற வியட்நாமியப் புத்தாண்டு சமயம், நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் எதிரியின் தாக்குதல். சைகோன் அமெரிக்கத் தூதரகத்தின் மதிலையே உடைத்துக்கொண்டு வளாகத்துக்குள் புகுந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதில் பலத்த அடி வாங்கியது வியட்காங். தலைமையகமும் அதைச் சொன்னது, உண்மையும்கூட. நம்பத்தான் ஆளில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள்... சரி, வேகமாக. ராணுவம் மேலும் 2,06,000 பேர் கேட்டது மார்ச்சில் நியூயார்க் டைம்ஸில் வெளியாகிவிட்டது. ஜெயிக்கிறவருக்கு இன்னும் இரண்டு லட்சம் பேர் எதற்கு? மாதக் கடைசியில் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன், மறுபடி தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று அறிவித்தார். இந்த எண்ணிக்கை விவகாரத்துக்காக வெஸ்ட்மோர்லாண்ட் ஒரு தொலைக்காட்சி மீது வழக்குப் போட்டு, 1985ல் தீர்ப்புக்கு முன்பே திரும்பப் பெற்றார். அதில் அவருடைய பழைய உளவுப் பிரிவுத் தலைவரே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். அதைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், இனி நேரமில்லை. வணக்கம்.