பழைய வீட்டைப் புதுப்பித்து விற்கிறார்கள், வாங்கலாமா?

எல்லோருக்கும் வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக மனதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் மற்றவற்றைத் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அடையாறிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: "காந்தி நகரில் 1950களில் கட்டிய தனி வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாசலில் இரண்டு தூங்குமூஞ்சி மரம். போன வருடம்தான் முழுக்கப் புதுப்பித்தார்களாம். பழைய வென்டிலேட்டர்களை அடைத்து, ஃபால்ஸ் சீலிங் போட்டு, எல்லா அறைக்கும் ஏசி வைத்திருக்கிறார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறது. இடிக்காமல் குடியிருக்க ஆசை. வாங்கலாமா சார்?"

"இடிக்காமல் குடியிருக்க ஆசை" என்ற அந்த ஒரு வரிக்காகவே உங்களுக்கு வணக்கம், அம்மா. அந்தப் பக்கம் தரகரிடம் கேட்டால், நிலத்துக்குத்தான் விலை, கட்டடத்துக்கு ஒன்றும் கிடையாது என்பார். சுதந்திரத்துக்குப் பிறகு கூட்டுறவு வீட்டுச் சங்கம் மனை பிரித்துக் கொடுத்த நகர் அது. மெயின் ரோடு, குறுக்குத் தெரு என்று நேராகக் கோடு போட்டு, ஒவ்வொரு வீட்டையும் சுற்றிக் காற்று போக இடம் விட்டார்கள். அந்த வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடியாகிவிட்டன. மிச்சமிருப்பது கொஞ்சம்தான்.

சரி, கேள்விக்கு வருவோம். அழகாக இருக்கிறது என்கிறீர்கள். எனக்கு அங்கேதான் கவலை. என் பேச்சைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும். சுவர் மூச்சு விட வேண்டும். அதேதான். எங்கள் அம்மா வீட்டுப் பூஜை அறைச் சுவர் கதையை முன்பே சொல்லியிருக்கிறேன், புதிதாக வந்தவர்களுக்காக இன்னொரு முறை. அது சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, சுண்ணாம்பு பூசிய சுவர். தரையிலிருந்து கொஞ்சம் ஓதம் ஏறும், வெயிலில் தானாகக் காய்ந்துவிடும். ஐம்பது வருடம் அப்படியே இருந்தது. நாங்கள் கெட்டிக்காரத்தனமாக அதன் மேல் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தோம். இரண்டே மழைக்காலம். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் தொட்டால் உள்ளே வெள்ளை உப்பு, மாவு மாதிரி உதிர்ந்தது. ஏறின ஈரம் வெளியே போக வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கிவிட்டது. காரணம் அவ்வளவுதான்.

அதனால் புதுப்பித்த வீட்டைப் பார்க்கப் போனால், என்னென்ன புதிதாகப் போட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். அதை அவர்களே காட்டுவார்கள். எதைத் திறந்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள். மேல்தளத்தின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தீர்களா, வயரை முழுக்க மாற்றினீர்களா, தரைக்கு அடியில் போகும் கழிவுநீர்க் குழாயைத் தோண்டிப் பார்த்தீர்களா? மரம் நிற்கும் வீட்டில் இது முக்கியம். பழைய மண் குழாயின் இணைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், வேர் உள்ளே போய்விடும்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நண்பருக்காக ஷெனாய் நகர்ப் பக்கம் இதே வயதுள்ள ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். கண்ணாடி மாதிரி தரை, வெள்ளை வெளேரென்று ஜிப்சம் சீலிங். விற்பவரிடம் அனுமதி கேட்டு ஒரு விளக்கை மட்டும் கழற்றச் சொன்னேன். அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்தால், மேல்தளத்துக் கம்பி பழுப்பாக உரிந்து தொங்குகிறது. விழுந்த காரை ஜிப்சம் பலகையின் மேலேயே குவிந்து கிடந்தது. ஒரு துண்டை எடுத்துக் கையில் வைத்தேன், கொழுக்கட்டை அளவு இருக்கும். கடற்கரை ஊரில் உப்புக் காற்றும் ஈரமும் கம்பியைத் தொட்டுவிட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், கான்கிரீட்டைத் தள்ளி உடைத்துக்கொண்டு வெளியே வரும். அதை ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்திருந்தார்கள். அம்மா, உங்கள் வீட்டிலும் ஃபால்ஸ் சீலிங் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு விளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே ஒரு பதில்.

உங்களுடையது கான்கிரீட் தளமா, பழைய மெட்ராஸ் டெரஸா என்று நீங்கள் எழுதவில்லை. அந்தக் காலத்தில் இரண்டும் உண்டு. மெட்ராஸ் டெரஸ் என்றால், தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, அதன் மேல் செங்கல்லை மூலைவாட்டில் நிறுத்தி அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் அடிப்பார்கள். அப்படி இருந்தால் சட்டம் சுவருக்குள் நுழையும் முனையைப் பாருங்கள். கரையானும் மக்கலும் முதலில் வருவது அங்கேதான்.

அப்புறம் கதவு. பழைய தேக்குக் கதவின் அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். புதிதாக அறுத்த தடம் தெரிந்தால், பழைய மொசைக் தரையை எடுக்காமல் அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டி மட்டத்தை உயர்த்தியிருக்கிறார்கள். அது பெரிய குற்றம் இல்லை. ஆனால் அந்த மொசைக் இன்னும் உயிரோடு அடியில் இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு பாலிஷ் போட்டிருந்தால் போதும்!

பழைய போட்டோ ஏதாவது இருக்கிறதா என்றும் விற்பவரிடம் கேளுங்கள். கல்யாண போட்டோவாக இருந்தாலும் சரி. அதில் வாசல்படி எத்தனை என்று எண்ணுங்கள். போட்டோவில் ஐந்து படி, இப்போது இரண்டு என்றால், சாலை மேல் சாலை போட்டுத் தெரு அவ்வளவு உயர்ந்திருக்கிறது. அடையாற்று ஓரம் என்பதால், 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் விசாரியுங்கள்.

பத்திரம் பற்றி ஒரு வார்த்தை. ஆன்லைனில் வில்லங்கச் சான்று எந்த வருடத்திலிருந்து கிடைக்கிறது என்று பாருங்கள். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்க வேண்டும். வீட்டைக் கட்டியவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன்களோடு மகள்களுக்கும் சம பங்கு உண்டு. எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா என்று வக்கீலை வைத்துப் பாருங்கள்.

அம்மா, நீங்கள் வாங்கலாமா என்று கேட்டீர்கள். வாங்கிய பிறகு இந்த வீட்டில் எப்படிக் குடியிருப்பது என்று கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த வென்டிலேட்டர்தான். பதினோரு, பன்னிரண்டு அடி உயரத்தில் கூரையை வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. சூடான காற்று மேலே ஏறும், மேலே இருக்கும் அந்தச் சின்ன ஜன்னல் வழியாக வெளியே போகும், மரத்தடியில் குளிர்ந்த காற்று கீழ் ஜன்னல் வழியாக உள்ளே வரும். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று எழும்பினால் கேட்கவே வேண்டாம். மேலே அடைத்தாயிற்று, அதற்குக் கீழே ஜிப்சமும் போட்டாயிற்று. அப்போது மொட்டை மாடிச் சூடு எங்கே போகும்? சுவர் மூச்சு விட வேண்டும் என்று நான் இத்தனை வருடமாகச் சொல்வது சுவரைப் பற்றி மட்டும் இல்லை. வீட்டுக்கும் மூச்சு வேண்டும்.

தளம் நன்றாக இருந்து, பத்திரமும் சரியாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். அடைத்த வென்டிலேட்டரைத் திறப்பது ஒரு கொத்தனாருக்குப் பெரிய வேலை இல்லை. கயிறு இழுத்தால் நடுவில் சுழன்று திறக்கும் கண்ணாடிச் சட்டம் அதில் இருந்திருக்கும். அடுத்த முறை போகும்போது அதைக் கழற்றி எங்கே போட்டார்கள் என்று கேளுங்கள். பின்பக்கம் கிணற்றடியிலோ கார் ஷெட்டிலோ கிடந்தால், விலை பேசும்போதே அதையும் வீட்டோடு சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.