விழுவதற்கு அபராதம் இருந்த காலம்

நண்பர்களே, வணக்கம். இன்றைய ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைப் பார்த்தால், கோல்கீப்பர் பாதி நேரம் முழங்காலில்தான் இருக்கிறார். ஆனால் 1917-இல் வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல் தொடங்கியபோது, பக்கை (பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டை) தடுக்கக் கோல்கீப்பர் கீழே விழுந்தாலே அபராதம். நின்றபடிதான் காக்க வேண்டும்.

ஒட்டாவா அணியின் கோல்கீப்பர் கிளின்ட் பெனடிக்ட் இதற்கு ஒரு வழி கண்டார். கால் இடறியதுபோல் விழுவார். ஆட்டத்துக்கு ஆட்டம் இடறினால் நடுவர்தான் என்ன செய்வார்? 'பிரார்த்தனை பென்னி' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. கடைசியில் 1918 ஜனவரியில் லீகே இறங்கிவந்து விதியை எடுத்துவிட்டது. கோல்கீப்பருக்காக விதி வளைந்தது இங்கேதான். அதன்பின் வந்த மாற்றங்களில் பெரும்பாலானவை அவரை மடக்குவதற்காகவே வந்தவை.

1928-29 பருவத்தில் மான்ட்ரியால் அணியின் கோல்கீப்பர் ஜார்ஜ் ஹெயின்ஸ்வொர்த் 44 ஆட்டங்களில் 22-இல் ஒரு கோலும் விடவில்லை. இப்படிப் போனால் பார்க்க யார் வருவார்கள்? அடுத்த பருவத்தில், எந்தப் பகுதியிலும் முன்னோக்கிப் பாஸ் கொடுக்கலாம் என்று விதியை மாற்றினார்கள். அதே ஹெயின்ஸ்வொர்த்துக்கு அந்த ஆண்டு கோல் விடாத ஆட்டங்கள் 4-தான். ஒருவர் பக்கைத் தட்டிக்கொண்டு வருவதை மட்டும் பார்த்து நின்ற காலம் போய், பாஸ் எங்கே போகும் என்று முன்கூட்டியே கணித்துப் பக்கவாட்டில் நகர வேண்டிய காலம் வந்தது.

சரி, முழங்காலுக்கு வருவோம். இரண்டு முழங்கால்களையும் சேர்த்து இறக்கி, பாதங்களை இருபுறமும் விரிப்பதுதான் 'பட்டர்ஃபிளை'. கோல்கீப்பர் கிளென் ஹால் காட்டிய வழி அது. பின்னாளில் இன்னொரு கோல்கீப்பர் பாட்ரிக் ரோய் அதையே ஒரு தலைமுறைக்கான பாடமாக்கினார். அந்த நிலையில், தரையை ஒட்டி வரும் பக், கால்களில் கட்டியிருக்கும் பேட்களில் மோதி நிற்கும். பேட் எவ்வளவு அகலமோ அவ்வளவு லாபம். அதனால்தான் 2005-இல் பேட் அகலத்தை 12 அங்குலத்திலிருந்து 11-ஆகக் குறைத்தார்கள். அதே ஆண்டு கோலுக்குப் பின்னே சரிவகம் ஒன்றையும் வரைந்தார்கள். கோல் கோட்டுக்குப் பின்னால் அதற்கு வெளியே, மூலைகளில், கோல்கீப்பர் பக்கைத் தொட்டால் 2 நிமிடத் தண்டனை. மார்ட்டின் ப்ரோடர் போல மூலைக்கு ஓடிப்போய்ப் பக்கை எடுத்துக் கொடுப்பவர்களுக்கு இது நேரடியான அடி. திறமைக்குத் தண்டனை தருகிற விதி என்பது என் கருத்து.

2013-இல் கோல் வலையின் ஆழத்தை 44 அங்குலத்திலிருந்து 40 ஆக்கினார்கள். நாலு அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் வலைக்குப் பின்னாலிருந்து சுற்றிவந்து கோல் போடுபவருக்கு அந்த இடம் போதும். அதற்கு ஈடாகக் கோல்கீப்பர்கள் இன்று நம்பியிருப்பது 'ரிவர்ஸ் விஹெச்'. கம்பத்தை ஒட்டிய காலைத் தரையோடு கிடத்தி, அந்தப் பாதத்தைக் கம்பத்தில் ஊன்றி, உடலைக் கம்பத்தோடு ஒட்டிவிடுவார்கள். மறுகால் தள்ளுவதற்குத் தயாராக நிற்கும். கீழே இடுக்கு இருக்காது. அப்புறம் என்ன? ஷாட் அடிப்பவர்கள் அதையும் படித்துவிட்டார்கள். கோல்கீப்பர் அவசரப்பட்டு இறங்கினால், அவர் தோளுக்கும் மேல்கம்பத்துக்கும் நடுவே தெரிகிற கைப்பிடியளவு இடத்தில் அடிக்கிறார்கள். எப்போது இறங்குவது, எப்போது நின்றே காப்பது என்பதுதான் இப்போது பயிற்சியாளர்களின் தலைவலி.