செரீன் என்றால் வெறும் அமைதி இல்லை

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன்: செரெனிட்டி (serenity). செரீன் (serene) என்பதன் பெயர்ச்சொல் இது. அதற்கு முன்னால் இந்தக் கண்ணாடி டம்ளரைப் பாருங்கள். முக்கால் பங்கு தண்ணீர், ஒரு ஸ்பூன் மண், அடியில் ஒரு நாணயம். இப்போது நன்றாகக் கலக்கிவிடுகிறேன். நாணயம் தெரியவில்லை, சரியா? இது இப்படியே ஓரமாக இருக்கட்டும்.

அகராதியைப் புரட்டினால் காம், பீஸ், குவயட், டிராங்க்விலிட்டி, செரெனிட்டி எல்லாவற்றுக்கும் 'அமைதி' என்றுதான் போட்டிருக்கும். அதை நம்பி எழுதினால் இலக்கணம் தப்பாது, ஆனால் பொருள் இடறும். "தி எக்ஸாம் ஹால் வாஸ் செரீன்" என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். தேர்வு அறையில் சத்தம் இல்லைதான். ஆனால் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறதே! அங்கே குவயட் என்று போட வேண்டும். குவயட் காதுக்குக் கேட்கிற விஷயம். செரீன் உள்ளே இருக்கிற நிலை.

இந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே செரேனஸ் என்றால் மேகமில்லாத, தெளிந்த வானம். அதாவது முதலில் இது வானிலையைச் சொல்கிற சொல். முகத்துக்கும் மனத்துக்கும் அப்புறம்தான் வந்தது. நிலாவில் இதற்கு அழகான சாட்சி இருக்கிறது. 1651-இல் ரிச்சியோலி என்ற இத்தாலிய வானியலாளர் நிலாவின் கரும்பரப்புகளுக்குப் பெயர் வைத்த வரைபடத்தை வெளியிட்டார். அதில் மழைக்கடல் உண்டு, மேகக்கடல் உண்டு, புயல் பெருங்கடல்கூட உண்டு. அந்த வரிசையில்தான் செரெனிட்டி கடலும் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே டிராங்க்விலிட்டி கடல். 1969 ஜூலையில் அப்பல்லோ 11 இறங்கியது அங்கேதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, தமிழும் இதே வழியில் யோசித்திருப்பது. வானம் தெளிந்திருக்கிறது என்கிறோம், கலங்கிய குளம் தெளிந்தது என்கிறோம், மனசு தெளிந்துவிட்டது என்றும் சொல்கிறோம். அதனால் செரெனிட்டியை மொழிபெயர்க்க வேண்டி வந்தால் வெறும் 'அமைதி' என்று நான் எழுதமாட்டேன். 'தெளிந்த அமைதி' என்றுதான் எழுதுவேன். வெறும் 'தெளிவு' என்றாலும் சரிவராது, அது கிளாரிட்டி பக்கம் போய்விடும்.

காம் என்பது வேறு. கடலில் காற்று நின்றுவிட்டால் காம். காற்றின் வேகத்தை அளக்கும் போஃபோர்ட் அளவுகோலில் சுழியத்துக்குப் பெயரே காம்தான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் காற்று அடித்திருக்கலாம், இன்னும் ஒரு மணி நேரத்தில் மறுபடி அடிக்கவும் செய்யலாம். கோபப்படுகிற ஒருவரிடம் "காம் டவுன்" என்று சொல்ல முடிவதும் இதனால்தான். "செரீன் டவுன்" என்று யாரும் சொல்வதில்லை, அது சொல்லி வருகிற நிலை இல்லையே. பீஸ் என்றால் பெரும்பாலும் எதிரில் ஒரு சண்டை இருக்கும்: பீஸ் டிரீட்டி, பீஸ் டாக்ஸ். அங்கேயும் செரெனிட்டி ஒட்டாது.

சரி, எங்கே போடலாம்? செரீன் லேக், செரீன் ஸ்மைல், செரீன் ஃபேஸ். தூங்குகிற குழந்தையின் முகத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஆங்கிலத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. உச்சரிப்பில் ஒன்றைக் கவனியுங்கள். செரீன் என்னும்போது 'ரீ' நீளும், செரெனிட்டி என்னும்போது அது குறுகி 'ரெ' ஆகிவிடும். டிவைன், டிவினிட்டி ஆகிற மாதிரி. பலர் 'செரீனிட்டி' என்று இழுக்கிறார்கள், அது வேண்டாம்.

இப்போது டம்ளரைப் பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வருகிறேன். சுழல் நின்றுவிட்டது, மேலே ஓர் அசைவும் இல்லை. ஆனால் தண்ணீர் இன்னும் பழுப்பாகத்தான் இருக்கிறது. நாணயத்தின் ஒரு விளிம்பு மட்டும் மங்கலாகத் தெரிகிறது. இதைக் காம் என்று சொல்லலாம். செரீன் என்று சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.