மீன் எண்ணெய் கொடுத்தால் குறைமாதக் குழந்தையின் நுரையீரல் தேறுமா?

ரத்தத்தில் ஒரு கொழுப்பு குறைவாக இருக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கு நுரையீரல் நோய் அதிகம் வருகிறது. அப்படியென்றால் அந்தக் கொழுப்பைக் கொடுத்துவிட்டால் போதும்தானே? 1273 குழந்தைகளிடம் சோதித்தே பார்த்தார்கள். முடிவைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, கடைசிவரை பாருங்கள்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நோயின் பெயர் பிராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா, சுருக்கமாக பி.பி.டி. தாயின் வயிற்றில் இருந்திருந்தால் 36 வாரம் ஆகியிருக்கும் என்ற நாளிலும் ஆக்சிஜன் தேவைப்பட்டால், பெரும்பாலும் அதுதான் இது.

(திரையில்: குழந்தையின் கையில் நூல் மாதிரி ஒரு குழாய்)

இதைப் பாருங்கள். குழாயில் பால் மாதிரி வெள்ளையாக இறங்குவது பால் இல்லை, கொழுப்பு. குடல் இன்னும் தயாராகாததால் நேரே ரத்தத்துக்குப் போகிறது. சோயா எண்ணெயில் செய்ததாக இருந்தால் மீன் எண்ணெயில் இருக்கும் டி.எச்.ஏ. என்ற கொழுப்பு அதில் கிட்டத்தட்ட கிடையாது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் தாய் அதை நஞ்சுக்கொடி வழியாக அள்ளி அள்ளிக் கொடுக்கிறாள், இந்தப் பிள்ளைகளோ அதற்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். ரத்தத்தில் டி.எச்.ஏ. குறைந்தவர்களிடம் பி.பி.டி. அதிகம் என்று ஆய்வாளர்கள் கண்டதும், அதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது நியாயம்தான்.

சரி, இப்போது சோதனை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர் மருத்துவமனைகள் சேர்ந்து செய்தன, 2017இல் முடிவு வந்தது. எல்லோரும் 29 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள். பாதிப் பேருக்கு தினமும் ஒரு கிலோ எடைக்கு 60 மில்லிகிராம் டி.எச்.ஏ., வயிற்றுக்குப் போகும் குழாய் வழியாக. மீதிப் பேருக்கு டி.எச்.ஏ. இல்லாத சோயா எண்ணெய். சோயா கிடைத்தவர்களில் 43.9 சதவீதம் பேருக்கு பி.பி.டி. வந்தது. டி.எச்.ஏ. கிடைத்தவர்களில்? 49.1 சதவீதம்! குறையவில்லை, கூடியிருக்கிறது!

ஏன் இப்படி? எனக்குப் படுவது இதுதான்: மிகவும் நலிந்த குழந்தைக்குப் பால் தாமதமாகத்தான் ஏறும், ரத்தத்தில் டி.எச்.ஏ.வும் குறையும், நுரையீரலும் கெடும். இரண்டுக்கும் காரணம் அந்த நலிவாகவே இருக்கலாம். "ரத்தத்தில் குறைவு, அதனால் இதைக் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால், கொடுத்துப் பார்த்த சோதனை இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டில் குறைமாதக் குழந்தை இருப்பவர்கள் தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் எந்த எண்ணெயும் கொடுக்காதீர்கள்.

அப்புறம், கதை அங்கே முடியவில்லை. இதே குழந்தைகளில் ஒரு பகுதியினரை 5 வயதில் தேடிப்பிடித்து ஐ.க்யூ. பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவில், டி.எச்.ஏ. பெற்றவர்கள் சராசரியாக மூன்றரைப் புள்ளி மேலே இருந்தார்கள். நுரையீரலுக்குக் கைகொடுக்காத அதே எண்ணெய்!